குரங்கணியில் ரெண்டு ரூம் கட்டலாமா? மலையேற வருகிறவர்களால் ஊருக்குள் காசு தங்குகிறதா?

போடிக்காற்று:

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். சொந்த ஊர் போடிக்கு மேலே குரங்கணி. இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. ஊரில் அப்பா, அம்மா, தம்பி, ஒரு ஓட்டு வீடு, பின்னால் அரை ஏக்கரில் மாவும் இலவமும். 2024 அக்டோபரில் அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 14 மாவட்டங்களில் 40 மலையேற்றத் தடங்களை ஆன்லைன் புக்கிங்கோடு திறந்ததே, அதில் எங்கள் குரங்கணி–சாம்பலாறு தடமும் ஒன்று. அன்றிலிருந்து தம்பிக்குத் தூக்கமில்லை. வீட்டை ஒட்டி ரெண்டு ரூம் கட்டி ஹோம்ஸ்டே நடத்தலாம் என்கிறான். கணக்குப் போட்டால் 6 லட்சம் வருகிறது. பாதி நகைக்கடன், மீதி என் சீட்டுப் பணம்.

அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார். "மலை ஏற வர்றவன் மலையைப் பார்ப்பான், உன் ரூமையா பார்ப்பான்?"

அவர் சொல்வதை ஒதுக்கவும் முடியவில்லை. எங்கள் தலைக்கு மேலேதான் கொழுக்குமலை. இடம் தேனி மாவட்டம், தமிழ்நாடு. ஆனால் வண்டி போகிற பாதை கேரளத்தில், சூரியநெல்லி வழியாக. அதனால் விடியலில் சூரியன் பார்க்க வருகிற கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் தங்கி, அந்தப் பக்கம் சாப்பிட்டு, அந்தப் பக்கத்து ஜீப்பில் ஏறி வந்து, எங்கள் பள்ளத்தாக்கைப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறது. மலை நமக்கு, கல்லாப்பெட்டி அவர்களுக்கு. இது புதிதும் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் மூணாறு தேயிலையை டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறக்கி, போடி வழியாக அனுப்பினார்கள். மலையேறுகிறவர்கள் நடுவில் தாண்டிப்போகிற சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற ஊரின் பெயர்கூட அந்த ரோப்வே ஸ்டேஷனிலிருந்து வந்ததுதான், ரயிலிலிருந்து இல்லை. அப்போதும் எங்கள் ஊருக்கு மிஞ்சியது சுமைக் கூலிதான் என்று தாத்தா சொல்வார்.

இன்னொரு பயமும் உண்டு. 2018 மார்ச் 11 காட்டுத்தீயை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 23 பேர் போய்விட்டார்கள். முதலில் மேலே ஓடியது எங்கள் ஊர்க்காரர்கள். போர்வையில் கட்டித் தூக்கி இறக்கினார்கள். அதற்குப் பிறகு மலையேற்றம் நின்றது, டீக்கடைக்காரருக்குச் சனி ஞாயிறு வியாபாரமும் நின்றது. மறுபடி ஒரு தீ, ஒரு உத்தரவு என்றால் 6 லட்சம் என்ன ஆகும்?

இது மாதிரி ஊரில் இருப்பவர்கள், செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

சூரியநெல்லி ஜீப்:

தம்பி, அந்தக் 'கல்லாப்பெட்டி'க்காரன் நான்தான், திட்டாதே. நானும் தமிழன்தான். தாத்தா தோட்ட வேலைக்கு மலை ஏறியவர், பெண் எடுத்தது போடியில்.

உங்கள் பக்கத்தில் நினைப்பது மாதிரி இங்கே பணம் கொட்டவில்லை, ஆனால் உண்டு. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்தான் முதலில் எங்கள் பிழைப்பு. இப்போதும் போடியிலிருந்து போடிமெட்டு ஏறி எத்தனை ஜீப் தினம் பெண்களை ஏற்றிக்கொண்டு வருகிறது என்று உனக்கே தெரியும். கொழுக்குமலை கூட்டம் வந்ததும் அதே வண்டியை விடியற்காலை நாலு மணிக்கு எடுக்க ஆரம்பித்தோம். ஸ்டாண்டில் வரிசைப்படிதான் வண்டி போகும், யாரும் முந்த முடியாது. இதுதான் முக்கியம் என்பேன். வரிசை இல்லாத இடத்தில் பத்து வண்டி வைத்திருப்பவன் பிழைப்பான், ஒரு வண்டிக்காரன் பார்த்துக்கொண்டிருப்பான்.

செலவையும் கேள். அந்தப் பாதையைப் பாதை என்று சொன்னால் பாவம். ஸ்பிரிங் பட்டை எப்போது முறியும் என்று தெரியாது, டயர் தேய்வதற்கு முன்னால் கிழியும், எனக்கு நாற்பது வயதில் இடுப்பு அறுபது ஆகிவிட்டது. மழை மாசத்தில் மேகம் மூடினால் சூரியனும் இல்லை, சவாரியும் இல்லை.

என் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். 2018 குறிஞ்சி பூக்கிற வருஷம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற சீசன், கூட்டம் அலைமோதும் என்று கடன் வாங்கி இரண்டாவது ஜீப் எடுத்தேன். நான் மட்டும் இல்லை, ரூம் கட்டினவன், ஓட்டல் போட்டவன் எல்லாரும் அந்தக் கணக்கில் இருந்தோம். மார்ச்சில் உங்கள் பக்கம் தீ, ஆகஸ்டில் எங்கள் பக்கம் வெள்ளம். மூணாறு ரோடெல்லாம் சரிந்து கிடந்தது. பூ சொன்ன தேதிக்குப் பூத்தது, பார்க்கத்தான் ஆள் சரியாக வரவில்லை. இரண்டாவது ஜீப்பை அடுத்த வருஷம் பாதி விலைக்குத் தள்ளினேன். அடுத்த குறிஞ்சி 2030. அதற்கும் இங்கே சிலர் இப்போதே கணக்குப் போடுகிறார்கள்!

அதனால் உன் அப்பா பக்கம்தான் நான். போட்டால் வண்டியில் போடு, சவாரி இல்லாத நாளில் மாங்காயாவது ஏற்றலாம். ரூம் காலியாகக் கிடந்தால் அதில் என்ன ஏற்றுவாய்?

பூம்பாறைப் பூண்டு:

ஜீப் அண்ணன் சொல்வதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். ரூம் எங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது, ஊரைக் கெடுத்தும் இருக்கிறது. எது என்பது யார் கையில் சாவி இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

நாங்கள் கொடைக்கானல் மேல்மலை. பூண்டும் உருளைக்கிழங்கும்தான் ஊர். மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடுகூட உண்டு. எங்கள் மாமா ஒருவர் பூண்டு போட்ட ஒரு ஏக்கர் அடுக்குக் காட்டைக் கீழேயிருந்து வந்த ஒருத்தருக்குக் குத்தகைக்கு விட்டார். பூண்டில் ஒரு வருஷம் பாடுபட்டுக் கிடைப்பது கையெழுத்துப் போட்ட அன்றே கையில் வந்தது, யார்தான் விடுவார்கள். இருபது டென்ட், சனிக்கிழமை ராத்திரி ஸ்பீக்கர், குளிர்காய விறகு. விறகு எங்கேயிருந்து வரும், சோலையிலிருந்துதான். ஊற்றுத் தண்ணீரை மோட்டார் வைத்து மேலேயே இழுத்துவிட்டார்கள், கீழ்த்தெருப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை குடத்தோடு சண்டைக்கு நின்றார்கள். பிறகு அனுமதி இல்லை என்று அதிகாரிகள் வந்து சீல் வைத்தார்கள். அந்த ஆள் டென்ட்டைச் சுருட்டிக்கொண்டு இன்னொரு மலைக்குப் போய்விட்டார். மாமாவால் நிலத்தைச் சுருட்டிக்கொண்டு எங்கே போக முடியும்? டென்ட்டுக்காகக் கல்வரப்பைப் பிரித்து நிலத்தைச் சமன் செய்திருந்தார்கள், அடுத்த மழையில் மேல்மண் முழுதும் ஓடைக்குப் போனது. ரெண்டு வருஷம் பூண்டு வைக்க முடியவில்லை.

இதையே இன்னொரு விதமாகவும் பார்த்தேன். என் சித்தி மகள் சொந்த வீட்டில் ரெண்டு அறை ஒதுக்கி அஞ்சு வருஷமாக நடத்துகிறாள். ஸ்பீக்கர் கிடையாது, ராத்திரி ஒன்பதுக்கு விளக்கு அணையும், வருகிறவர்கள் அவர்கள் சமைத்ததைத்தான் சாப்பிட வேண்டும். சம்பாத்தியம் பெரிதில்லை. ஆனால் பூண்டு விலை விழுந்த வருஷம் பையன் காலேஜ் பீஸ் அதிலிருந்துதான் போனது.

உத்தரவு பற்றிய பயம் நியாயம்தான். உயர் நீதிமன்றம் சொல்லி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் எங்களுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 என்று வரம்பும் போட்டார்கள். டவுனில் லாட்ஜ் வைத்திருப்பவர்கள் கத்தினார்கள். எங்கள் ஊரில் சிலர் வெளியே சொல்லாமல் சந்தோஷப்பட்டார்கள், ஏனென்றால் சீசனில் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போக வேண்டுமென்றால் ட்ராஃபிக்கில் உயிர் போய்விடும். ஒரே ஊரில் ஒரே உத்தரவு, ஆளுக்கு ஒரு கணக்கு.

கட்டுவதற்கு முன்னால் ஒன்று பார்த்துக்கொள்: உன் ஊர் ஹாக்காவில், அதாவது மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருக்கிறதா என்று. இருந்தால் மலையில் செங்கல் வைப்பது கீழே மாதிரி இல்லை. சுற்றுலாத் துறையிலும் பதிவு வேண்டும்.

சும்மா படிக்கிறவன்:

எல்லாரும் ரீல்ஸ் எடுக்கத்தான் வருகிறார்கள். ஒரு செல்ஃபி பாயின்ட் போட்டு நுழைவு இருபது ரூபாய் வாங்குங்கள், ஆறு லட்சமும் மிச்சம்.

கொல்லிமலை மிளகு:

மேலே இருப்பவர் கிண்டலாகச் சொன்னாலும் எங்கள் ஊரில் அதுதான் நடக்கிறது. கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவு. அந்த வளைவுக்காகவே பைக்கில் வருகிறார்கள். அடிவாரத்தில் பெட்ரோல் போட்டு, வளைவு வளைவாக வீடியோ எடுத்து, மேலே வந்து ஒரு டீ, மறுபடி கீழே. சில நாள் எண்ணிப் பார்த்திருக்கிறேன், நூறு வண்டி போனால் எங்கள் கடையில் நிற்பது ஐந்தோ ஆறோ. வரும் கூட்டத்தை வைத்துக் கணக்குப் போடாதே தம்பி, எத்தனை மணி நேரம் ஊருக்குள் நிற்கிறார்கள் என்று பார்.

எங்கள் மகளிர் குழுவில் ஏழு பேர் சேர்ந்து மதியச் சாப்பாடு செய்கிறோம். முதல் ஆறு மாசம் ஓட்டல் மாதிரி சமைத்து வைத்துக் காத்திருந்தோம், மிஞ்சிய சோறெல்லாம் மாட்டுக்குப் போனது. பிறகுதான் புத்தி வந்து, முதல் நாளே போனில் சொன்னால்தான் சோறு என்று வைத்தோம். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேலே படி இறங்கி ஏறி வருகிறவனுக்கு என்ன வைத்தாலும் அமிர்தம்! சாமைச்சோறு, கீரைக் கடைசல், நெல்லிக்காய் ஊறுகாய், அவ்வளவுதான். சாப்பிட்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் மிளகு விற்கும். கிலோ கணக்கில் யாரும் வாங்குவதில்லை, நூறு கிராம் பாக்கெட் போட்டால் ஆளுக்கு மூன்று எடுக்கிறார்கள். வியாபாரிக்குக் கொடுக்கிற விலையைவிட நல்லபடியாகவே நிற்கிறது.

உன் ஊரில் ஏலக்காய் இருக்கிறது, காப்பி இருக்கிறது, மாங்காய் வடு போடலாம். இலவம்பஞ்சுத் தலையணை வேண்டாம், மலை இறங்கி வருபவன் தலையணையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற மாட்டான்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. தம்பி ஆசைப்படுகிறான், அப்பா வேண்டாம் என்கிறார், நீ கணக்குப் போடுகிறாய். விடிகாலை எழுந்து இத்தனை பேருக்குச் சமைத்து, படுக்கை துவைத்து, கக்கூஸ் கழுவப் போவது யார்? அம்மாவைக் கேட்டாயா?

கோவளத்தான்:

கடல் பக்கத்துக்காரன் மலையைப் பற்றிப் பேசுகிறேன், மன்னிக்கவும். எங்கள் கோவளம் (கேரளத்து கோவளம் இல்லை, சென்னை ஈசிஆர் கோவளம்) சர்ஃபிங்கால், அதாவது அலைச்சறுக்கால், மாறிய ஊர். எங்கள் மீனவர் மூர்த்தி மேகவன் தொடங்கிய சர்ஃப் பள்ளியிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம். இன்று பையன்கள் கோச், லைஃப்கார்டு, போர்டு ரிப்பேர் என்று இருக்கிறார்கள். 2025இல் ஆசிய சர்ஃபிங் போட்டியே பக்கத்தில் மாமல்லபுரத்தில் நடந்தது. என் அக்கா மகன் பத்தாவதோடு நின்றவன், இப்போது ஐடி கம்பெனிக்காரர்களை அதட்டி நீச்சல் சொல்லிக்கொடுக்கிறான்.

இது ஏன் எங்களுக்கு வாய்த்தது என்று யோசித்தால், நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கிறது, வாடைக் காற்று எப்போது திரும்பும், எந்த அலையில் போகக் கூடாது என்பதெல்லாம் எங்கள் பையன்களுக்குச் சின்ன வயதிலேயே தெரியும், வெளியாள் வந்து படித்துக்கொள்ளப் பத்து வருஷம் ஆகும். கட்டடம் கட்டுவதில் அப்படி இல்லை, காசு இருக்கிறவன் உன்னைவிட நல்ல கட்டடம் நாளைக்கே கட்டுவான். கரையோரம் இடத்து விலை ஏறியதும் அதுதான் நடந்தது, வலை காயப்போட்ட மணலெல்லாம் இப்போது காம்பவுண்டு சுவர். வாடகைக்கு இருந்த சில குடும்பங்கள் உள்ளே தள்ளிப் போய்விட்டன. அலை சம்பாதித்துக் கொடுத்ததை வாடகை தின்கிறது என்று எங்கள் அம்மா சொல்லும்.

உன் தம்பி காட்டுப் பாதை தெரிந்தவனா? முதலில் அந்த ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் கைடாகச் சேர முடியுமா என்று கேட்கச் சொல். உள்ளூர் இளைஞர்களுக்குத்தான் பயிற்சி கொடுக்கிறார்கள். முதல் போடத் தேவையில்லை.

போடிக்காற்று:

@கோவளத்தான், தம்பி கேட்டிருக்கிறான். பிரச்சினை என்னவென்றால் தீக்காலத்தில், 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை, எல்லாத் தடத்தையும் மூடிவிட்டார்கள். மழை பெய்தாலும் ரத்து. 2018ஐக் கண்ணால் பார்த்தவன் என்பதால் மூடுவது தப்பு என்று சொல்ல மாட்டேன், மூடத்தான் வேண்டும். ஆனால் அந்த ரெண்டு மாசம் கைடு என்ன சாப்பிடுவான்?

பொத்துவில் ஓட்டோ:

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். அறுகம்பைக்குப் பக்கத்தில் பொத்துவில். சேர்ஃபிங் சீசன் எங்களுக்கு மே தொடங்கி ஒக்டோபர் வரை. மிச்ச மாதங்களில் கடற்கரை வெறிச்சென்று கிடக்கும், பாதிக் கடைக்குக் கதவே திறக்காது. நீங்கள் ரெண்டு மாதத்துக்குக் கவலைப்படுகிறீர்கள், எங்களுக்கு ஆறு மாதம்.

தப்பிப் பிழைக்கிறவர்கள் யாரென்று பார்த்தால், வேறொரு தொழிலைக் கைவிடாதவர்கள்தான். வெள்ளைக்காரர் போகிற நேரத்தில்தான் இங்கே மழை தொடங்கும், பெரும்போக நெல் விதைப்பும் அப்போதுதான். மாசி பங்குனியில் அறுவடை முடித்து, அறைக்குச் சுண்ணாம்பு அடித்தால் சீசன் வந்துவிடும். வயலும் அலையும் ஒன்றையொன்று இடிக்காமல் போகிறது. ஓட்டோ ஓடுகிற நானும் அப்படித்தான், சீசனில் போர்டைக் கூரையில் கட்டிக்கொண்டு அலை தேடி ஓடுவேன், மழைக்கு வயலுக்குப் போவேன். சில பெடியன்கள் சீசன் முடிய வெலிகமைப் பக்கம் வெளிக்கிட்டுப் போய் அங்கே வேலை செய்கிறார்கள், ஏனென்றால் தெற்கில் அப்போதுதான் சீசன். காணியை விற்று முழுக்க ஹோட்டல் வைத்தவர்கள் 2019 குண்டுவெடிப்பு, பிறகு கொரோனா, பிறகு பெட்ரோல் வரிசை என்று அடுத்தடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அதற்கு முன் 2004 சுனாமி வேறு.

இந்த வழியால்தான் ஆடி மாதம் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களும் போவார்கள், உகந்தை முருகன் கோயிலில் தங்கி, குமண காட்டுக்குள்ளால். அவர்களிடம் யாரும் காசு பார்ப்பதில்லை, தண்ணீர் கொடுப்போம், அவ்வளவுதான். ஒரே வீதியில் ரெண்டு விதமான நடை, இதை ஏன் சொல்கிறேன் என்று தெரியவில்லை, சொல்லத் தோன்றியது.

உங்கள் மரங்களை மட்டும் வெட்டிப்போடாதீர்கள். மாங்காய்க் காலம் எப்போது?

போடிக்காற்று:

சித்திரை, வைகாசி! நீங்கள் கேட்ட பிறகுதான் யோசித்தேன். தடம் மூடியிருக்கிற காலம் முடியும்போது எங்களுக்குக் காய் இறங்க ஆரம்பிக்கும், அதற்கு முன்னால் பங்குனியில் இலவங்காய் அடிப்பு. ஆக, தீக்காலத்தில் வீட்டில் வேலை இருக்கத்தான் செய்கிறது. ரூம் கட்ட நாங்கள் குறித்து வைத்திருந்த இடத்தில் ஆறு மா நிற்கிறது. அதை வெட்டலாம் என்றுதான் தம்பி சொல்லிக்கொண்டிருந்தான்.

ஜீப் அண்ணனுக்கு ஒன்று. தங்க ஆள் வர மாட்டார்கள் என்று முழுதாகச் சொல்லிவிட முடியாது. 2023 ஜூனில் போடிக்கு மறுபடி ரயில் வந்தது, சென்னை வண்டி வாரம் மூன்று நாள். ஆனால் அது விடிந்து நெடுநேரம் கழித்துத்தான் போடிக்கு வருகிறது, மலையேற்றமோ காலையிலேயே கிளம்ப வேண்டும். ரயிலில் வருகிறவன் ஒரு ராத்திரி எங்கேயாவது படுத்துத்தான் ஆக வேண்டும். இப்போதைக்குப் போடி லாட்ஜில் படுக்கிறான்.

சூரியநெல்லி ஜீப்:

அது நல்ல பாயின்ட். அவனைப் போடி ஸ்டேஷனிலிருந்து குரங்கணிக்கு ஏற்றி வர ஒரு வண்டி வேண்டுமே, அதையும் யோசி. 😀

போடிக்காற்று:

ஒரு வாரம் கழித்து வருகிறேன். ஞாயிறு ஊருக்குப் போயிருந்தேன். கொல்லிமலை அக்கா கேட்டதை அப்படியே அம்மாவிடம் கேட்டேன். இத்தனை நாள் யாரும் கேட்காததால் சொல்லவில்லையாம். ரூம் வேண்டாம், கடன் வேண்டவே வேண்டாம், முன்னறையில் பாய் தலையணை போட்டு நாலு பேர் படுக்கலாம், இலவம்பஞ்சு நம் வீட்டிலேயே இருக்கிறது, பின்னால் ஒழுங்கான கக்கூஸ் ஒன்று கட்டிக்கொடுங்கள், பத்துப் பேருக்கு மேல் சமைக்க மாட்டேன், வெள்ளிக்கிழமை கறி கிடையாது, குடித்துவிட்டு வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புவேன் என்று வரிசையாகச் சொன்னார். தம்பி மொபைலில் எழுதிக்கொண்டான். கிராம நிர்வாக அலுவலரிடம் ஹாக்கா பட்டியல் பற்றி விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன், முன்னறையில் ஆள் தங்கவைக்க என்ன பதிவு வேண்டும் என்பதும் சேர்த்து.

அப்பா எதுவும் சொல்லவில்லை. மாமரத்தடியில் நின்று செப்டிக் டேங்க்குக்கு இடம் அளந்துகொண்டிருந்தார். ஆற்றிலிருந்து எவ்வளவு தள்ளிப் போட வேண்டும் என்று யாருக்காவது சரியாகத் தெரியுமா?